இரும்பு மூக்கு

ஸ்கந்தபுரம்
20.1.1962

முருகன் துணை

அன்புள்ள தம்பி ஐயாத்துரைக்கு அக்கா இராசேஸ்வரி எழுதுவது. கந்தன் அருளால் நானும் அத்தானும் பிள்ளை விமலேஸ்வரியும் பசுவும் கன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தை ஒளிக்காமல் எழுது.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று முற்றத்தில் உனக்கும் ஒரு பலகை போட்டோம். இயந்திரத்தை விட்டு வர முடியாது என்ற உன் தபாலட்டை பொங்கிப் படைத்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. உன் பலகையில் பூனை ஏறி இருந்தது. "உம்மடை தம்பியிலும் பார்க்க இது நேரத்துக்கு வந்திருக்கு" என்று அத்தான் அதற்கும் ஒரு கரண்டி பொங்கல் வைத்தார்.

நீ அந்த ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்து பதினைந்து மாதம் ஆகிறது. ஒரு தரம்தான் வந்து முகம் காட்டினாய். அன்றைக்கும் இருமிக்கொண்டே இருந்தாய். மல்லாவிக்கு மீன் கொண்டுவரும் சரீப் நானாவின் லொறியில் ஒரு பெட்டி அனுப்புகிறேன். எள்ளுருண்டை, திருநீறு, ஒரு வேட்டி, தலைக்கு வைக்க மூலிகை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஒரு போத்தல். எல்லாவற்றையும் என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வந்து சேர்ந்தது வராதது எது என்று பதில் போடு.

வேலும் மயிலும் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அக்கா

---

முல்லைத்தீவு
5.2.1962

என் அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும் ஐயாத்துரை வணக்கம். நான் நல்ல சுகம். மருமகள் விமலேஸ்வரி சுகமாகப் படிக்கிறாளா?

பெட்டி முழுசாக வந்தது. எள்ளுருண்டை ஒரே நாளில் முடிந்தது. முடித்தது நான் அல்ல, என்னோடு வேலை செய்யும் முத்தலிப். எண்ணெய் அருமை, அக்கா. இவ்வளவு தடிப்பான நல்லெண்ணெயை நான் தலைக்கு வைத்ததே இல்லை. தினமும் வைக்கிறேன். போன சனிக்கிழமை முழுகி, அதையே பூசி வாரிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். சனம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. எனக்கு வரப்போகும் பதவி ஊருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அந்தச் சந்தோசத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். ஐஸை உறைய வைப்பது அமோனியா என்கிற வாயு. குழாய்களுக்குள் ஓடும். எங்காவது கசிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் வெளியே பாய்வார்கள். முதலாவதாக ஓடுகிறவன் முத்தலிப். நான் அசைய மாட்டேன். கண்ணில் கொஞ்சம் நீர் வரும், அவ்வளவுதான். மரை இறுக்கும் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இறுக்கிவிட்டு வருவேன். எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் இளையதம்பி அண்ணை எல்லோருக்கும் முன்னால், "உவனுக்கு இரும்பு மூக்கு. உவன்தான் அறைக்குச் சரி" என்றார். சித்திரை முதல் இயந்திர அறைக்கு நான்தான் பொறுப்பு. இருக்க ஒரு வீடும் தருவார்கள். பிறகு நீங்கள் எல்லோரும் வந்து கடல் பார்க்கலாம்.

இயந்திரம் பூட்டக் கொழும்பிலிருந்து வந்தவர் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பத்து இலட்சம் பங்கு காற்றில் நூறு பங்குக்கு மேல் அமோனியா இருந்தால், ஒரு நாள் வேலை நேரம் முழுக்க அதற்குள் நிற்கக் கூடாதாம். பத்து இலட்சத்தில் நூறை யார் எண்ணுவது? அண்ணை அதன் மேல் நாட்காட்டியைத் தொங்கவிட்டுவிட்டார்.

உங்கள் தம்பி
ஐயாத்துரை

---

ஸ்கந்தபுரம்
9.2.1962

முருகன் துணை

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். பசு இன்னும் சுகம். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். பசுவின் காலில் முள்ளுக்கம்பி கிழித்த புண்ணுக்கு மூன்று கிழமையாக அத்தான் வேப்பெண்ணெய் பூசுகிறார். போத்தலைத் திறந்து பார்த்தால் மூலிகை நல்லெண்ணெய். கொட்டில் நாற்றத்தில், வெற்றிலை வாயோடு பூசுகிற அத்தான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல். அடைப்பு இறுகியிருந்ததால் திறந்து பாராமல் மாறிக் கட்டிவிட்டேன். கொப்பியில் சரியாக எழுதி, பெட்டியில் பிழையாக வைத்திருக்கிறேன். எங்கள் பசு மினுங்கிக்கொண்டு நிற்கிறது. உன் தலையில் இருப்பது வேப்பெண்ணெய்.

கோயிலில் சனம் ஏன் விலகியது என்று இப்போது விளங்குகிறதா? அத்தான் சிரித்த சிரிப்பில் கதிரை ஒரு பக்கம் போய்விட்டது. நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி, வேப்பெண்ணெய் நாற்றம் ஒழுங்கைக்கு அப்பால் நிற்கிறவனுக்கும் தெரியும். தலையில் வைத்திருக்கிற உனக்கு ஏன் தெரியவில்லை? அங்கே மீன் மணக்கிறதா? பூ மணக்கிறதா? கற்பூரம் மணக்கிறதா? மூன்றுக்கும் மூன்று பதில் எழுது.

உன் பதிலுக்கு வாசற்படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா

---

ஸ்கந்தபுரம்
3.3.1962

முருகன் துணை

தம்பிக்கு, நாங்கள் சுகம். நீ சுகமோ என்று தெரியாது. மூன்று கிழமை உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயாவைக் கண்டு உன் இரும்பு மூக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாயு நாளாந்தம் மூக்கில் பட்டால் முதலில் எரிக்குமாம், பிறகு மூக்கு சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வாயை மூடிவிடுமாம். மூக்கு சொல்லாவிட்டாலும் தொண்டையும் நெஞ்சும் வாங்குவதை வாங்கிக்கொண்டே இருக்குமாம். சுவரில் எழுதியிருக்கும் அந்த நூறில் பாதி வரும்போதே சுகமான மூக்கு மணத்தைக் கண்டுபிடித்துவிடும் என்றார். "ஓடுற பொடியனுக்குத்தான் நல்ல மூக்கு, பிள்ளை. நிக்கிறவனுக்கு இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பத்து இலட்சம் என்னை விடவில்லை. ஒரு சுண்டு நெல்லை அளந்து, இரண்டு பின்னேரம் இருந்து நானும் விமலேஸ்வரியும் எண்ணினோம். ஆறாயிரத்து ஐந்நூறு சொச்சம். "எல்லா நெல்லுக்கும் பேர் வைச்சு முடிஞ்சுதோ?" என்று அத்தான் வயலால் வந்து கேட்டார். நாலு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல் என்று கணக்குப் பார்த்தால், பத்து இலட்சம் நெல் என்பது ஒரு புசலுக்கு மேலே ஆறரைக் கொத்து. அவ்வளவையும் பாயில் கொட்டி, நூறு கறுத்த உளுந்தை எண்ணிப் போட்டுக் கிளறினேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோழி மட்டும் மூன்றைக் கண்டுபிடித்தது.

அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அவ்வளவு சிறியதைக் கண்டு சொல்லவென்று முருகன் நம் முகத்தின் நடுவிலே ஒன்றை வைத்திருக்கிறான். அது சுகமில்லாமல் கிடப்பதற்கு உனக்குப் பதவியா தருகிறார்கள்?

மீன், பூ, கற்பூரம். பதில் எழுது.

அக்கா

---

முல்லைத்தீவு
9.3.1962

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் அம்மனை வேண்டுகிறேன்.

வேலை கூட. அதனால்தான் எழுதவில்லை. இந்த மாதம் சாளை மீன் நல்லாகப் படுகிறது, எவ்வளவு ஐஸ் செய்தாலும் காணாது. வீட்டைப் பார்த்தேன். இரண்டு அறை, குசினி, கிணறு நல்ல தண்ணீர். சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டிருக்கிறார்கள். இருமல் கொஞ்சம் இருக்கிறது, அது கடற்காற்று. நெல் எண்ணியதை முத்தலிப்புக்கு வாசித்துக் காட்டினேன், உங்கள் கோழியை வேலைக்கு எடுக்கச் சொல்கிறான். அத்தானின் வயல் எப்படி?

ஐயாத்துரை

---

ஸ்கந்தபுரம்
14.3.1962

முருகன் துணை

தம்பிக்கு, எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. வயல் வெட்டி முடிந்தது. உன் கடிதத்தில் கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் எழுதியிருக்கிறாய். மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். கோபிக்கவில்லை.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்தவுடன் சிரிக்காதே.

பக்கத்துக் காணியில் பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று ஆலாத்திக்கு நான்தான் மஞ்சள் கரைத்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்ததே, அதை நான் நூறு தரம் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஏன் என்று யோசித்தேன். கையைத் துடைத்த மஞ்சள் துணியை ஈரத்தோடு மாட்டுக் கொட்டிலில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மூத்திரக் குழிக்கு மேலே கிடந்த துணி விடியப் பார்க்கச் சிவந்து கிடந்தது. அங்கே சுண்ணாம்பு இல்லை. அந்தக் குழியில் மூக்கைக் குத்துவதும் உன் அமோனியாவும் ஒன்றுதான் என்று அப்போதிக்கரி ஐயா சொன்னது நினைவு வந்தது.

ஒரு நாள் நம்பி எழுதக் கூடாது என்று, சாமி அறையில் ஒரு துணி, குசினியில் ஒன்று, கொட்டிலில் ஒன்று என்று ஐந்து நாள் கட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். ஐந்து நாளும் கொட்டில் துணிதான் சிவந்தது. வெளிக்காற்றில் பிடித்தால் மெல்ல மெல்லத் திரும்ப மஞ்சளாகிறது.

வெள்ளைத் துணியை மஞ்சளில் தோய்த்துப் பதினாலு துண்டு அனுப்புகிறேன். தண்ணீரில் நனைத்துக் குழாய்ப் பொருத்துகளில் கட்டு. சவர்க்காரம் பட விடாதே, அதற்கும் சிவக்கும். துணி எவ்வளவு வாயு என்று சொல்லாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உன் மூக்கு அதைக்கூடச் சொல்வதில்லையே.

அக்கா

---

முல்லைத்தீவு
29.3.1962

அன்புள்ள அக்காவுக்கு, இந்த முறை உண்மையான சுகத்தை எழுதுகிறேன்.

உங்கள் மனம் நோகக் கூடாதென்றுதான் துணியைக் கட்டினேன். பொருத்துகள் பதின்மூன்று. மிஞ்சிய ஒன்றை என் கதிரையின் முதுகில் கட்டினேன். அறை கோயில் மரம் போல ஆகிவிட்டது. "ஐயாத்துரை வீடு கிடைக்க நேர்த்தி வைச்சிருக்கிறான்" என்று இளையதம்பி அண்ணை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "எங்கடை பள்ளிவாசலுக்கும் ரெண்டு முழம் தாங்கோ" என்று முத்தலிப் கேட்டான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மத்தியானம் சோற்றுக்கு எழும்பித் திரும்பிப் பார்த்தேன். குழாய்த் துணிகளில் இரண்டு ஓரத்தில் சிவந்திருந்தன. என் கதிரைத் துணி ஆலாத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்து தொங்கியது. கதிரைக்குப் பின்னால் இயந்திரத்தின் சுழல்தண்டு. அது வெளியே வரும் இடத்தில் அடைப்புத் தேய்ந்து எப்போதிருந்து கசிகிறதோ தெரியாது. வந்து போகிற மற்றவர்கள் அறையின் வழக்கமான மணம் என்று விட்டுவிட்டார்களாம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மீன் மணக்காது, அக்கா. பூ மணக்காது. கற்பூரமும் மணக்காது. கார்த்திகை விளக்கீட்டிலிருந்து எனக்கு ஒன்றும் இல்லை. பெப்ரவரியில் எழுதாமல் இருந்தது வேலையால் அல்ல. பழுதான மீனைக் காய்ச்சித் தின்றுவிட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முத்தலிப் வந்து சட்டியைத் திறந்ததும் வெளியே ஓடினான். அப்போதும் எனக்கு அது நல்ல மீன்தான். சொன்னால் பதவியும் வீடும் போய்விடும் என்று பயந்தேன். படிக்காமல் வந்த எனக்கு அந்த மூக்கு ஒன்றுதானே பேர் வாங்கித் தந்தது.

சித்திரைக்கு இன்னும் இரண்டு கிழமை. என்ன செய்ய?

தம்பி

---

ஸ்கந்தபுரம்
3.4.1962

முருகன் துணை

என் தம்பிக்கு, உன் கடிதம் வந்த பின்தான் இங்கே உண்மையான சுகம். அழுதேன், அது வேறு.

அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "வேலையை விடச் சொல்லாதையும். அந்த அறையை விடச் சொல்லும்" என்றார். எனக்கும் அதுதான். அப்போதிக்கரி ஐயாவிடம் மறுபடியும் போனேன். அந்தக் காற்றை விட்டு விலகினால் மூக்குத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ஆனால் நெஞ்சு மிஞ்சும் என்றார்.

எங்களுக்குக் கடல் பார்க்க வீடு வேண்டாம். மணலில் இருந்தே பார்ப்போம். முதலாளியிடம் நீயே போய் உன் வாயாலே சொல்லு.

அக்கா

---

முல்லைத்தீவு
22.4.1962

அன்புள்ள அக்கா, அத்தான், மருமகளுக்குப் புதுவருச வாழ்த்துகள். இருமல் பாதியாகிவிட்டது. ஆறுதலாக இருந்து வாசியுங்கோ.

வருசம் பிறக்க இரண்டு நாள் முன் முதலாளி வந்தார். அறையைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்து எடுக்கச் சொன்னார். பக்கத்தில் இளையதம்பி அண்ணை. நான் எடுக்கவில்லை. "எனக்கு ஒரு மணமும் தெரியாது, ஐயா. மணம் தெரியாதவனைக் காவலுக்கு வைக்காதேங்கோ. ஒரு நாளைக்கு எல்லாரும் ஓடுவினம், நான் கதிரையிலை செத்து இருப்பன்" என்றேன். சிவந்த துணியையும் காட்டினேன்.

முதலாளி அண்ணையைப் பார்த்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தார். பிறகு மெல்லமாக, "எனக்கும் நாலு வரியமாத் தெரியாது, ஐயா. மனுசி எதைக் காய்ச்சினாலும் எனக்கு ஒண்டுதான்" என்றார். அக்கா, அந்த மனுசன் தன் மூக்குச் செத்ததைத் தைரியம் என்று நினைத்து, அதே கணக்கில் என்னையும் தெரிந்தெடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரமே பரீட்சை. எட்டுப் பேரின் கண்ணையும் கட்டி, உங்கள் வேப்பெண்ணெய்ப் போத்தலையும் தண்ணீர்ப் போத்தலையும் மூக்கடியில் பிடித்தார்கள். அண்ணையும் நானும் மட்டும் தோற்றோம். போத்தல் அறைக்குள் வர முன்னமே முத்தலிப் எழும்பி ஓடிவிட்டான். முதலாளி அவனைத் திருப்பிக் கூப்பிட்டுத் திறப்பைக் கொடுத்தார். "என்ரை ஓட்டத்துக்கு இப்பத்தான் மரியாதை வந்திருக்கு" என்று இன்னும் சொல்லித் திரிகிறான்.

சுழல்தண்டுக்குப் புது அடைப்புப் போட்டார்கள். சுவரை உடைத்து இரண்டு யன்னல் வைத்தார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் அறையில் இருக்கக் கூடாது. நாட்காட்டியைக் கழற்றியாயிற்று, தாள் எல்லோருக்கும் தெரிகிறது. பக்கத்தில் உங்கள் ஒரு புசல் ஆறரைக் கொத்தை முத்தலிப் கரியால் எழுதி வைத்திருக்கிறான். அதைத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள்.

வீடு முத்தலிப்புக்கும் அவன் மனைவி நாச்சியாவுக்கும் போயிற்று. இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான். மீனை முகர்ந்து பார்த்துத்தான் தருவேன் என்று நாச்சியா சொல்லியிருக்கிறா. நான் இப்போது வெளியில் நின்று ஐஸ் கட்டிகளை உமியில் புதைத்து லொறியில் ஏற்றுகிறேன். சம்பளம் அதேதான்.

மூக்கு இன்னும் வரவில்லை. இன்னும் இருபது துண்டு துணி அனுப்பச் சொல்லி முதலாளி கேட்கிறார்.

ஐயாத்துரை

---

ஸ்கந்தபுரம்
2.7.1962

முருகன் துணை

அன்புத் தம்பிக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றதென்று சரீப் நானா நேரில் வந்து சொன்னார். அவருக்கு இரண்டு குவளை மோர் கொடுத்தேன்.

மே மாதம் நாங்கள் வந்து கடல் பார்த்ததையே விமலேஸ்வரி இன்னும் கதைக்கிறாள். நாச்சியா தந்த முருங்கைத் தடி வேலியில் துளிர்த்துவிட்டது. அங்கே வந்த அன்று இளையதம்பி அண்ணையின் மனைவி என் காதில் ஒரு சேதி சொன்னவ. அவருக்கு மணம் தெரியாது என்று அறிந்த பிறகுதான், அவர் நாலு வருசமாகக் குறை சொல்லாமல் சாப்பிட்டது தன் கைப்பக்குவத்தால் அல்ல என்று அவவுக்கு விளங்கியதாம். கோபிக்கிறதோ சிரிக்கிறதோ என்று தெரியவில்லையாம். சிரிக்கச் சொன்னேன்.

நீ ஒவ்வொரு காலையும் கோப்பித் தூளையும் கசக்கிய தேசிக்காய் இலையையும் முகர்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தாய். விடாதே. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் "இன்னும் இல்லை" என்று மன்னிப்புக் கேட்பது போல எழுத வேண்டாம். நான் முருகனிடம் உன் மூச்சைத்தான் கேட்டேன். தந்துவிட்டான். அதற்கு மேலே கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சிறுபோக நெல் பால் பிடித்துவிட்டது. வெட்டுக்கு நீ வர வேண்டும், பூனைக்கு முன்னால்.

இதோடு நிறுத்துகிறேன். குசினியில் வேலை இருக்கிறது.

அக்கா

---

முல்லைத்தீவு
6.7.1962

அக்கா,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை, மன்னியுங்கோ.

லொறி வரும் வரைக்கும் உமிக் குவியலில் இருந்து உங்கள் கடிதத்தை உடைத்தேன். தாளை விரித்ததும் மூக்குக்குள் என்னவோ மெல்லமாகக் கிள்ளியது. வண்டு போய்விட்டதென்று நினைத்து மூக்கைச் சிந்தினேன். திரும்ப வாசிக்கக் குனிந்தேன், திரும்பவும் கிள்ளியது. தாளைத் தள்ளிப் பிடித்தால் இல்லை. கிட்டக் கொண்டுவந்தால் இருக்கிறது. அது என்ன என்று பிடிபட எனக்கு எவ்வளவோ நேரம் சென்றது.

நீங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் அடுப்பில் என்னவோ அடிப்பிடித்திருக்கிறது.

முத்தலிப்பிடம் ஓடினேன். நான் அறையை நோக்கி ஓடி வருவதைக் கண்டு, கசிவென்று நினைத்து அவன் மற்றப் பக்கத்தால் ஓடினான். பிடித்து நிறுத்தித் தாளைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துத் தலையாட்டினான். இளையதம்பி அண்ணையும் வாங்கி முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் தாளை உடனே தரவில்லை. "எத்தினை நாளாச்சு நீ வெளியாலை வந்து?" என்று கேட்டு விரலை மடித்து எண்ணினார். தானும் வெளி வேலை கேட்கப்போகிறார்.

பால் என்று நான் சொல்கிறேன். பாயாசம் என்று முத்தலிப் நிற்கிறான். எது என்று உடனே எழுதுங்கோ.

ஐயாத்துரை

---

ஸ்கந்தபுரம்
10.7.1962

தம்பி, பாலும் இல்லை, பாயாசமும் இல்லை. பருப்பு. அத்தானுக்கு நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உன் கடிதத்தைச் சாமி அறையில் வைத்து வாசித்தேன், பிறகு அத்தானுக்கு, பிறகு பிள்ளைக்கு, பிறகு வேலியடியில் நின்று பக்கத்துக் காணிக்கு. வந்து பார்த்தால் இன்றைக்கும் அடிப்பிடித்துவிட்டது. என்னவென்று எழுத மாட்டேன். முகர்ந்து பார்த்து நீ எனக்கு எழுது.

அக்கா